தீண்டற்க

முதுமக்கள் தாழிக்குள் கோழி முட்டையிட்டிருந்தது.

அழகியமணவாளன் குனிந்து பார்த்தார். தாழியின் அடியில் ஒற்றை முட்டை. தாழியின் கழுத்தில் அவர் கைப்பட எழுதிக் கட்டிய சீட்டு: 'ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது.'

"முட்டை இன்னைக்குதான் சாமி," என்றார் தேவசகாயம். "சூடு இருக்குது."

தேவசகாயம் காட்சிசாலையின் காவல்காரர். முன்பு இதே கட்டடத்தில் மணியடித்தவர். அப்போது இது ஜெபக்கோயில். இலுப்பைப்பாக்கத்துக் கிறிஸ்தவர்கள் வாலாஜாபாத் சாலையோரம் ஓடு வேய்ந்த புதுக் கோயில் கட்டிக்கொண்டு போனார்கள். பழையதை மிஷன் ஜில்லா போர்டுக்கு விட்டுவிட்டது. அலையும் மாடுகளைப் பிடித்து அடைக்க ஒரு பவுண்டு வேண்டும் என்று போர்டு நினைத்துக்கொண்டிருந்தது. அழகியமணவாளன் குறுக்கே விழுந்தார். அவர் சின்னக் காஞ்சிபுரத்தில் தமிழ்ப் பண்டிதராயிருந்து ஓய்வு பெற்றவர். சுற்று வட்டாரத்துச் சரித்திரத்துக்கு ஒரு காட்சிசாலை வேண்டும் என்று மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டார். தொல்லை தாங்காமல் கலெக்டரே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பிடித்தால் காட்சிசாலை. பிடிக்காவிட்டால் மாடுகள்.

கலெக்டர் வருவது வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.

"யார் கோழி?"

"பொன்னியம்மாளுது. தாழியும் அதோடதுதானே சாமி."

பொன்னியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கீழ்த்தெருக்காரி. கீழ்த்தெரு என்றால் சேரி. ஊரின் கிறிஸ்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். கிணறு வெட்டியபோது அகப்பட்ட தாழியைக் கொல்லையில் கவிழாமல் புதைத்து, கோழிக்கு விட்டிருந்தாள். அழகியமணவாளன் கெஞ்சிக் கேட்டதால் கொடுத்தாள்.

"அது எப்பவும் இதுலதான் வெக்கும் சாமி. நீங்க தாழியத் தூக்கிக்கினு வந்துட்டீங்க. அது தேடிக்கினு வந்துடுச்சு."

"இனிமே வரப்படாது."

"அதுகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

உள்ளே வந்தாள். தாழிக்குள் தோள்வரை கையை விட்டாள். மற்றக் கையைப் பக்கத்து மேஜையில் இருந்த வாளின்மேல் ஊன்றிக்கொண்டாள். வாள் கிராம முன்சீப்பின் பாட்டனாருடையது. அதில் ஏற்கெனவே தேங்காய் நார் ஒட்டியிருந்தது. யாரோ உரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கடுத்து ஏற்றச் சால். மேஸ்திரி யேசுதாஸ் கொடுத்தது. காலையில் அவரே எடுத்துப்போய், வீட்டுக்குள் புகுந்த மழைத்தண்ணீரை இறைத்துவிட்டுப் பழைய இடத்தில் வைத்திருந்தார். சால் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பலகை எழுதி வைக்கணும்," என்றார் அழகியமணவாளன்.

"'தொடாதே'ன்னு போட்டுடலாம் சாமி."

"தொடாதேங்கறது ஒருமை. கலெக்டரை அதட்டின மாதிரி இருக்கும்."

"'தொடாதீங்க'?"

"அது பேச்சு. எழுதறதுக்கில்லை."

அழகியமணவாளன் கண்ணை மூடிக்கொண்டார். தொடற்க. வாயில் இடறியது. கண்ணைத் திறந்தபோது சொல் கிடைத்திருந்தது.

"தீண்டற்க," என்றார். "எதிர்மறை வியங்கோள். யாரையும் அதட்டாது, யாரையும் கெஞ்சாது. எல்லாருக்கும் பொதுவா நிக்கும்."

தேவசகாயம் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"வேற வார்த்தை இல்லீங்களா?"

"இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி. கொஞ்சம் பழகின வார்த்தையா இருக்குது."

"நல்லதாப் போச்சு. எல்லாருக்கும் புரியும்," என்றார் அழகியமணவாளன்.

பரசுராமன் காஞ்சிபுரத்தில் சுவாமி வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். சின்னதாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. பின்கட்டில் செல்லரித்துக் கிடந்த ஒரு பழைய கதவைப் பலகையாக எடுத்துக்கொண்டார். கறுப்பு அடித்தார். அதன்மேல் ஆள் அகலத்துக்குச் சிவப்பு எழுத்து.

"இவ்வளவு பெரிசா எதுக்கப்பா?"

"கலெக்டர் வராருன்னீங்களே சாமி. பொடிசா எழுதினா மரியாதையா இருக்குமா?"

உள்ளே ஜன்னல்களுக்கு நடுவே எந்தச் சுவரும் பலகைக்குப் போதவில்லை. வெளியே வாசலுக்கு மேல் நல்ல ஆணி ஒன்று இருந்தது. முன்பு சிலுவை மாட்டியிருந்த ஆணி. பரசுராமன் அதில் மாட்டிவிட்டார்.

"ஐப்பசிக் காத்து. சீக்கிரத்துல காயாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை அழகியமணவாளன் வந்தபோது கீழ்த்தெருவே வாசலுக்கு எதிரே நின்றிருந்தது. படியில் ஒருவரும் இல்லை. எல்லாரும் புளியமரத்தடியில், தள்ளி நின்றிருந்தார்கள். யேசுதாஸ் மட்டும் இரண்டடி முன்னால் வந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். யாரை?"

"யாரை இல்லை யேசுதாஸ். எதைன்னு கேக்கணும். பொருள்களை."

"அது எழுதலியே."

"தொக்கி நிக்கறது. உள்ளே பொருளைப் பாக்கறவனுக்குத் தானா விளங்கும்."

"உள்ள வந்தாத்தானே பாக்கறது. பலகை வெளியே இருக்குதே."

அழகியமணவாளன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க தாத்தா டவுன்ல ஒரு தெரு மொனையில இதே மாதிரி ஒரு பலகையப் பாத்தாராம்," என்றார் யேசுதாஸ். "படிக்கத் தெரியாது. யாரோ படிச்சுச் சொன்னாங்க. திரும்பி வந்து செங்கல் அறுத்தாரு. இது இல்லாத வாசல் ஒண்ணாவது இருக்கட்டும்னு இந்தக் கோயிலக் கட்டினாரு."

அழகியமணவாளன் அண்ணாந்து பார்த்தார். அந்தச் சொல்லை முதன்முறையாக இலக்கணம் இல்லாமல் படித்தார்.

"நான் அப்படி நினைச்சு எழுதலை, யேசுதாஸ்."

"தெரியும் ஐயா. நெனைக்கவே இல்ல."

அவர்கள் உள்ளே வந்து தங்கள் பொருள்களை எடுக்கத் தொடங்கினார்கள். சால், மரக்கால், முதல் பாதிரியின் மரப்பெட்டி, தாழி.

"இதெல்லாம் காட்சிசாலைப் பொருள். தொடப்..." என்று தேவசகாயம் வழக்கத்தில் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

"எங்க சாமானுங்க, சித்தப்பா," என்றார் யேசுதாஸ். "நாங்க தீண்டிக்கறோம்."

தாழியின் சீட்டை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, தாழியைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோழி போகவில்லை. அது ஜெபக்கோயிலின் பழைய பீடத்துப் படியில் புதிதாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்திருந்தது.

மத்தியானமே அழகியமணவாளன் பரசுராமனைக் கூப்பிட்டனுப்பினார். சொல்லுக்கு மேலே இன்னும் சில சொற்கள் சேர்ந்தன. 'இங்குள்ள பொருள்களை எவரும் தீண்டற்க.' யேசுதாஸுக்கு ஆள் போயிற்று. பொருள்களை என்று தெளிவாக இருக்கிறது. எவரும் என்றும் இருக்கிறது. குறை சொல்ல இடமில்லை.

"எவரும்னா சரிதான்," என்று பதில் வந்தது. "காலையில கொண்டாறேன்."

சாயங்காலம் கிராம முன்சீப் திருஞானசம்பந்த முதலியார் வந்தார். மேல்தெருவில் பெரிய வீடு அவருடையது. வாளும் பல்லக்குக் கொம்பும் அவர் கொடுத்தவை. பலகையைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"ஐயங்காரே, எவரும்னா யாரு?"

"எல்லாரும்."

"நானும்?"

"நீங்களும்."

"அவங்களும்?"

"அவாளும்."

"ஒரே வார்த்தையிலயா?"

"தமிழ்ல அப்படித்தான்."

முதலியார் குடையை மடக்கினார்.

"இந்த ஊர்ல கெணறு ரெண்டு. சுடுகாடு ரெண்டு. எங்க பாட்டன் காலத்துலேருந்து ஒரு சண்டை கெடையாது. நீர் வந்து ஒரே வார்த்தையில சேத்து வெச்சுட்டீர்."

"பொருளைத் தொடற விஷயம்தானே."

"என் பாட்டன் கத்திய நான் தொடக்கூடாதுன்னு எழுதிப்புட்டு, அது ஒரு விஷயமே இல்லேன்றீரா?"

வாளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பல்லக்குக் கொம்பை இரண்டு ஆட்கள் தூக்கிப்போனார்கள். அது வாசலில் திரும்பாமல் கொஞ்ச நேரம் எல்லாரையும் நிறுத்தி வைத்தது.

அழகியமணவாளன் ராத்திரி தூங்கவில்லை. விடிந்ததும் பரசுராமன் வீட்டுக்கே போய்விட்டார். 'எவரும்' அழிந்தது. அந்த இடத்தில் 'அனுமதியின்றி' வந்தது. இதில் மேல்தெருவும் இல்லை, கீழ்த்தெருவும் இல்லை. யாரையும் யாரோடும் சேர்க்கவில்லை.

யேசுதாஸ் சொன்னபடி கைவண்டியில் தாழியோடு வந்தார். மழை விட்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"யாரு அனுமதி ஐயா?"

அழகியமணவாளன் இதை யோசித்திருக்கவில்லை.

"காரியதரிசியோடது. அதாவது, என்னோடதுதான்."

"மறுபடியும் ஒங்களக் கேட்டுக்கினு உள்ள வரணும்."

"நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"சொல்ல மாட்டீங்க. கேக்கணுமில்ல?"

வண்டி திரும்பியது. சற்று நேரத்தில் முன்சீப்பும் ஆள் விட்டு அதே கேள்வியைக் கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு தெருவும் ஒன்றாக இருந்தன.

இப்போது உள்ளே மிஞ்சியது ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று. அழகியமணவாளனின் தகப்பனாருடையது. ஒரு காட்சிசாலைக்கு ஒரு சுவடி போதாது. ஆனால் ஒன்றும் இல்லாததற்கு அது மேல். அதை நடு மேஜையில் வைத்தார். பிறகு மேஜையைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினார்.

பதினொரு மணிக்கு ஒரு ஜட்கா வந்து நின்றது. உள்ளே நாமகிரி. அவர் மனைவி. இறங்கவில்லை.

"ஏன்னா, இங்கே உக்காந்துண்டு யார் யார் தொடலாம்னு அனுமதி குடுக்கறேளாமே."

"யார் சொன்னா?"

"நம்ம சந்நிதித் தெருவே சொல்றது. நீங்க அவாளை உள்ளே விடலைன்னு பாதிப் பேர். நீங்களே அவாளோட சேந்துட்டேள்னு பாதிப் பேர். குழாயடில ரெண்டு கட்சிக்கும் நான்தான் பதில் சொல்லிண்டிருக்கேன்."

"இது காட்சிசாலை, நாமகிரி."

"இருந்துட்டுப் போகட்டும். மாமனாரோட சுவடியைக் குடுங்கோ. நாளைப்பின்னே திவசம்னா நாலு பேர் ஆத்துக்கு வரணும்."

"உள்ளே இருக்கு. வந்து எடுத்துக்கோ."

நாமகிரி வண்டிக்குள்ளிருந்தபடியே தலையைச் சாய்த்துப் பலகையைப் படித்தாள்.

"அனுமதி கேக்கணுமா?"

அழகியமணவாளன் உள்ளே போய்ச் சுவடிக்கட்டைத் தாமே எடுத்து வந்து கொடுத்தார். ஜட்கா போயிற்று.

மேஜைகளில் சீட்டுகள் மட்டும் இருந்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது. நவாப்பு காலத்தது. காலம் தெரியவில்லை. அவற்றைச் சேகரித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பரசுராமன் தூரிகையோடு நின்றிருந்தார்.

"இப்ப என்ன எழுதணும் சாமி?"

"ஒண்ணும் வேண்டாம். பழையபடி ஆக்கிடு."

"பழையபடியேவா?"

"பழையபடியேதான்."

பரசுராமனுக்கு அது பிடித்திருந்தது. ஏணியை எடுத்தார்.

சாயங்காலம் அழகியமணவாளன் கீழ்த்தெருவுக்குப் போனார். வாழ்நாளில் முதல் தடவை. யேசுதாஸ் பெஞ்சியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தார். கொல்லையில் தாழி தெரிந்தது.

"பலகை இல்லே யேசுதாஸ். எழுத்தெல்லாம் எடுத்துடச் சொல்லிட்டேன். வெறும் மரம்தான் இருக்கும்."

"நெசமாவா?"

"நெசமா. நாளைக்கு மாடு வந்து நிக்கற எடமாப் போயிடும், நீ வரலைன்னா."

"மாடு கட்ற எடமா?" யேசுதாஸ் பெஞ்சி துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க தாத்தா அறுத்த செங்கல் ஐயா அது. பலகை இல்லேன்னா வரேன். தாழிய நானே கொண்டாந்து எறக்கறேன்."

பொன்னியம்மாள் ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். பெஞ்சியின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். அழகியமணவாளன் டம்ளரைப் பார்த்தார். எடுக்கலாமா என்று யோசித்தார். நல்ல மோராகத்தான் இருந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஓர் ஈ விழுந்தது.

"அடடா," என்றார். குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

பொன்னியம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மழை. அழகியமணவாளன் கையில் ஒரு ரோஜா மாலையோடு வண்டியிலிருந்து இறங்கினார். வாசலுக்கு மேல் ஆணி மட்டும் இருந்தது. மூச்சு வந்தது. உள்ளே போனார். மூச்சு நின்றது.

பீடத்துப் படியின்மேல், சுவரில் சாய்ந்தபடி பலகை நின்றிருந்தது. புதிதாகக் கறுப்பு அடித்து, நடுவில் சிவப்பில் ஒரே ஒரு சொல். சுற்றிலும் மஞ்சளில் மயில்கண் கரை, பட்டுப் புடவையில் வருவது போல.

தீண்டற்க.

"என்னப்பா இது?"

"பழையபடி சாமி," என்றார் பரசுராமன். "நடுவுல சேத்ததெல்லாம் எடுத்துட்டு, மொதல்ல இருந்த மாதிரியே. காலையிலதான் முடிச்சேன். கரை நானாப் போட்டேன். மழைக்கு உள்ள வெச்சிருக்கேன்."

"பழையபடின்னா வெறும் பலகை, பரசுராமா."

"அத 'வெறும் பலகை'ன்னு சொல்லியிருக்கலாமே சாமி."

நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் வாசலைப் பார்த்தார்.

"தூக்கி வெளியே போடு."

"எப்படித் தூக்கறது? ஈரம். தொட்டா கையோட வந்துடும்."

வாசலில் கைவண்டி நின்றது. சாக்கு போர்த்திய தாழி. யேசுதாஸ் நனைந்திருந்தார். அவர் பின்னால் கோழியைத் தேடிக்கொண்டு பொன்னியம்மாள். கதவு அகலமாகத் திறந்திருந்தது. யேசுதாஸ் அங்கிருந்தே படித்தார். அழகியமணவாளனைப் பார்த்தார். வண்டியின் பிடியைக் கீழே வைத்தார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை. ஏரிக்கரையில் மோட்டார் சத்தம் கேட்டது.

கலெக்டர் நெட்டையான வெள்ளைக்காரர். வெள்ளைவெளேரென்று ஒரு கோட்டு. தமிழ்ப் பரீட்சையில் தேறியவர். புத்தகத்தில் இருப்பது போலவே பேசுவார். தாசில்தார் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அழகியமணவாளன் மாலையைப் போட்டார். கலெக்டர் அதைக் கழற்றித் தாசில்தாரிடம் கொடுத்துவிட்டு மேஜைகளைப் பார்த்தார். ஒன்று வெறுமை. அடுத்ததும் வெறுமை. கடைசி மேஜைவரை நடந்தார். அவருடைய பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

தாசில்தார் அழகியமணவாளன் காதருகே குனிந்தார்.

"மாட்டுக்குத் தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் வெக்கலாம், சாமி?"

கலெக்டர் நின்றுவிட்டிருந்தார். பீடத்துக்கு நேர் எதிரே. கிழக்கு ஜன்னல் வெளிச்சம் பலகையின்மேல் விழுந்தது. அவர் விரலை நீட்டி, எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

"தீண்... டற்... க." திரும்பினார். "எதிர்மறை வியங்கோள் அன்றோ?"

அந்த வாரம் முழுவதும் அதை வேறு ஒருவரும் சொல்லவில்லை. அழகியமணவாளனுக்குக் கண் கலங்கியது.

"ஆம்," என்றார்.

கலெக்டர் பலகையின் ஓரத்தில் செல்லரித்த மரத்தைப் பார்த்தார். மயில்கண் கரையைப் பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் பார்த்தார்.

"பிற காட்சிசாலைகளில் பொருள்கள் மிகுதி," என்றார். "வெளியே வந்தபின் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. இங்கே ஒன்றே ஒன்று, இந்தப் பண்டைப் பலகை. அதுவும் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் பீடத்தில். இதைச் சிந்தித்தவர் யார்?"

பரசுராமன் ஏதோ சொல்ல வந்தார். தேவசகாயம் அவர் காலை மிதித்தார்.

"மாடுகளுக்கு வேறு இடம் பார்க்க," என்றார் கலெக்டர் தாசில்தாரிடம். தாசில்தார் தலையாட்டினார். "காட்சிசாலை இங்கேயே இருக்க. இந்தப் பலகையை ஒருபோதும் அகற்றற்க."

பிறகு எல்லாரையும் பார்த்துப் பொதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கொடிய வழக்கம் எந்த ஆண்டில் ஒழிந்தது?"

தாசில்தார் குடையைப் பார்த்தார். யேசுதாஸ் வாசலில் நின்றபடி அழகியமணவாளனைப் பார்த்தார். ஏதாவது ஓர் ஆண்டைச் சொன்னால் போதும். அழகியமணவாளன் வாயைத் திறந்தார். அவருக்கு மோர் டம்ளர் நினைவுக்கு வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

கலெக்டர் பதிலுக்குக் காத்துக்கொண்டு இன்னும் ஓர் அடி பின்வாங்கிப் பலகையோரம் நின்றார். கோழி பீடத்திலிருந்து இறங்கி, பலகையை உரசிக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தது. அதன் ஒரு பக்கச் சிறகு சிவந்திருந்தது. பொன்னியம்மாள் குனிந்து அதைத் தூக்கினாள். சிறகைப் பார்த்தாள். பிறகு கலெக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுங்க தொரே, ஒட்டிக்கும்," என்றாள். "அது இன்னும் காயவே இல்ல."